தராசின் முள் எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும்!

கச்சேரி மேசை இருந்த இடத்தில் இன்று ஒரு கண்ணாடித் திரை இருக்கிறது. மாவட்டச் செயலகமாயினும், பிரதேச செயலகமாயினும், பல்கலைக்கழகமாயினும், வணிகர் மன்றமாயினும், ஏன், நீதிமன்றமாயினுங்கூட, மக்கள் வாழ்வைத் தீர்மானிக்கும் கூட்டங்களிற் பல இக்காலத்திற் கணினி வழியே கூடுகின்றன. முகங்கள் திரையில் தோன்றுகின்றன. குரல்கள் காதில் விழுகின்றன. ஆயினும் முகமும் குரலும் கூட்டமாகா. கூட்டத்தின் உயிர்நிலை, நடுவில் விரித்து வைக்கப்படும் ஆவணத்திலேயே இருக்கிறது. அந்த ஆவணத்தை விரிப்பவர் யார்? அதில் எழுதும் கோல் யார் கையில் இருக்கிறது? அது எந்த மொழியில் எழுதப்படுகிறது? இம்மூன்று கேள்விகளையே இவ்வாரம் நம் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

இது பொறியியலாளர் பேசவேண்டிய பொருள். அரசியற் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தேர்தற் பெட்டியைச் செய்பவன் தச்சன். ஆனால் அதன் பூட்டின் திறவுகோல் யாரிடம் இருக்கவேண்டும் என்பது அரசியல் என்பதே நம் விடை.

செயலிப் பகிர்வு என்பது யாது?

ஊர் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை விரித்துப் பிடித்திருக்க, மற்றையோர் அவரைச் சூழ்ந்திருந்து பார்ப்பதுண்டு. கணினிக் கூட்டத்தில் ஒருவர் தம் திரையைப் பிறருக்குக் காட்டுவது இத்தகையது. அவருடைய கணினியில் ஓடும் கணக்குத்தாளோ, வரைபடமோ, கடிதமோ படமாக மாறி மற்றவர் கணினிகளுக்குச் செல்கிறது. மற்றவர்களிடம் அந்த மென்பொருள் இருக்கவேண்டும் என்பதில்லை. மென்பொருள் ஓடுவது ஒருவரிடம், காட்சி எல்லாரிடமும். முழுத் திரையையும் காட்டாமல் ஒரு செயலியின் சாளரத்தை மட்டும் காட்டுவது இதன் திருந்திய முறை.

இரண்டாவது நிலை, பத்திரிகையை மற்றவர் கையிற் கொடுப்பதுபோன்றது. பார்த்திருப்பவர் கட்டுப்பாட்டைக் கோருகிறார், காட்டுபவர் வழங்குகிறார். அதன்பின் தொலைவிலிருப்பவரின் விசைப்பலகையும் சுட்டியும் இங்குள்ள செயலியை இயக்குகின்றன. மூன்றாவது நிலையில் ஆவணம் ஒருவர் வீட்டில் இராமல் பொதுவான ஒரு வழங்கியில் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதுகின்றனர். எவர் எதை மாற்றினார் என்பதும் பதிவாகிறது. பார்த்தல், கைமாற்றல், கூடியெழுதல் என்னும் இம்மூன்று நிலைகளையும் வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். நம் வாதம் முழுவதும் இவற்றின்மேல் நிற்கிறது.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் ஆராய்ச்சியாளர், ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலிருந்த தம் சகபாடியோடு ஒரே எழுத்தாவணத்தை ஒரே நேரத்தில் திரையிற் கையாண்டு காட்டினார். 1990களில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் டி.120 என்னும் நியமத் தொகுதியை வகுத்தது. செயலிகளைக் கூட்டத்தில் எவ்வாறு பகிர்வது என்பதும் அதில் ஓர் அங்கமாயிற்று. 1996இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட நெற்மீற்றிங் அந்நியமத்தின்படி இயங்கியது. அதன்பின் வெபெக்ஸ் வந்தது. அங்கு பணியாற்றிய எரிக் யுவான் 2011இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் சூம் எனப் பெயர் பெற்றது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோகோ நிறுவனமும் இத்தகைய கூட்ட மென்பொருளை உலகுக்கு விற்கிறது. தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் இருந்துகொண்டே செய்யத்தக்க தொழில் இது என்பதை நம் இளைஞர் கவனிப்பாராக.

பேராதனையில் முடிந்தது கலஹாவில் ஏன் முடியாது?

கண்டி மாநகருக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சிறப்புண்டு. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் நிலையம் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளைநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இவ்வலையமைப்பின் வழியாகவே விரிவுரைகள் மாணவர் வீடுகளுக்குச் சென்றன. அவ்வகுப்புகளுக்குத் தரவுக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இணங்கின. விரிவுரையாளர் தம் திரையில் வரைபடத்தை விரித்தார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் இருந்த மாணவர் அதைக் கண்டனர்.

வணிகரும் பின்தங்கவில்லை. 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், நூற்றுமுப்பத்தாறு ஆண்டுகளாக ஆட்கள் கூடிக் கூவி நடத்திய ஏலம், 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் முற்றிலும் கணினிக்கு மாறிற்று. விற்பவரும் வாங்குபவரும் ஒரே செயலியை ஒரே நேரத்திற் பார்த்து விலை கூறினர். நாடு முழுவதும் அடைபட்டுக் கிடந்த காலத்தில், சில வாரங்களுக்குள் இம்மாற்றம் நிறைவேறியது. தேவையெனக் கருதியபோது, வழி உடனே பிறந்தது!

ஆனால், அதே தேயிலையைப் பறித்த கைகளுக்குரிய பிள்ளைகளின் நிலை என்ன? தரம் பத்திலும் பதினொன்றிலும் படித்த மாணவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மலையுச்சிக்கும் மரத்தின் மேலுக்கும் ஏறிச் சமிக்ஞை தேடிய காட்சியை நாடே கண்டது. நகரம், கிராமம், தோட்டம் என அரசு வகுக்கும் மூன்று துறைகளுள் கணினியறிவிற் கடைசியில் நிற்பது தோட்டத்துறையே என்பதைத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றன. பேராதனையிலிருந்து கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் எத்தனை மைல்? மலைகள் சில தாண்டினால் ஊர் வந்துவிடும். ஆயினும் இவ்விடயத்தில் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அரை நூற்றாண்டு!

தராசும் செக்ரோலும்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் வழக்கைத் தோட்டப்புறத்தார் நன்கறிவர். தொழிலாளி கூடையை மாட்டுகிறாள், முள் அசைகிறது, கிலோக் கணக்கு செக்ரோலில் ஏறுகிறது. கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படுவது எவ்வளவு என்பது காலங்காலமாக நடக்கும் சண்டை. அச்சண்டையில் தொழிற்சங்கங்கள் முதற்கண் கேட்டது என்ன? தராசின் முள்ளைத் தொழிலாளியும் பார்க்கவேண்டும் என்பதே. நெல் விற்கும் விவசாயியும் புசல் அளக்கும்போது அளவைக்கு அருகில் நிற்பது இதற்காகவே. முள்ளைக் காணாதவனுக்கு நிறை பற்றி வாதாட வழியில்லை.

கூட்டத்தில் விரிக்கப்படும் செயலி இன்றைய தராசு. சம்பளப் பேச்சு ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி அமைந்த சபைகளில் முதலாளிமார் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினரும் இருக்கின்றனர். இத்தகைய பேச்சொன்று கணினி வழியே நடந்து, ஒரு தரப்பார் மட்டும் தம் கணக்குத்தாளை விரித்து, உற்பத்திச் செலவு இவ்வளவு, ஒரு நாட் கூலி ஐம்பது ரூபா கூடினால் இழப்பு இவ்வளவு எனக் காட்டினால், மறுதரப்பார் என் செய்வர்? பார்த்திருப்பவர் அக்கட்டத்திலுள்ள எண்ணை மட்டுமே காண்கிறார். அவ்வெண்ணைப் பிறப்பித்த சூத்திரத்தைக் காண்பதில்லை. கட்டுப்பாட்டைக் கோரிப் பெற்று, சூத்திரம் யாதெனத் திறந்து பார்த்து, ஓர் எண்ணை மாற்றிவிட்டு விளைவு எப்படி மாறுகிறதெனச் சோதிக்கும் உரிமை இருந்தாலன்றி, அது பேச்சுவார்த்தையாகாது, படக்காட்சியேயாகும்.

விவசாயிக்கும் இது பொருந்தும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை எவரும் மறக்கவில்லை. வயலில் நிற்பவனைக் கேளாமல் மேசையில் எடுத்த முடிவின் பயன் அது. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையிலேயே இருக்கிறது; 1920 என்னும் இலக்கத்தில் ஆலோசனைக்கு அழைக்கலாம். குரல் வழியே பெறும் ஆலோசனையோடு, மண்பரிசோதனைப் பெறுபேற்றையும் உர அட்டவணையையும் தமிழில் திரையில் விரித்து, விவசாயி தன் பயிரின் இலையைக் கைப்பேசியிற் காட்டி, இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசும் நாள் வரவேண்டும்.

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இஃது உயிர்ப் பிரச்சினையுமாகும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது, கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அவ்வரைபடம் அதிகாரிகளின் கூட்டத்தில் திரையில் விரிக்கப்படும்போது, தோட்டத் தலைவரும் கிராம உத்தியோகத்தரும் அதைத் தம் மொழியில் வாசித்து, ‘இந்த லயத்துக்கு மேலே உள்ள மலையில் நேற்று வெடிப்புக் கண்டோம்’ என்று அதே வரைபடத்தில் குறியிட வழியிருக்கவேண்டும். வரைபடம் கொழும்பில், வெடிப்பைக் கண்ட கண் தோட்டத்தில். இரண்டையும் ஒரே திரையிற் சேர்ப்பதற்கே இக்கருவி இருக்கிறது.

மகுல் மடுவவில் விரிக்கப்பட்ட ஆவணம்

ஆவணத்தை விரிப்பவனுக்கும் அதன்கீழ் ஒப்பமிடுபவனுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டி மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கண்டி அரண்மனையின் மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வாசித்தனர், சிங்களத்திலும் வாசித்தனர். ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டனர் என்று வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டுவர். ஆயினும் எழுதுகோல் இருந்தது பிரித்தானியர் கையில். மூன்றாண்டுகள் சென்று, ஊவாக் கிளர்ச்சிக்குப் பின், 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனத்தால் அப்பிரதானிகளின் அதிகாரங்கள் குறுக்கப்பட்டன. ஒப்பமிட்டோர் கையில் அந்த மாற்றத்தைத் தடுக்கும் வழியொன்றும் இருக்கவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் ஒன்றே. ஆவணம் நம் முன் வாசிக்கப்படுவது போதாது. அதனைத் திருத்தும் கோலும், திருத்தப்பட்டதன் சாட்சியும் நம்மிடமும் இருத்தல் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் நம் பக்கத்தில் இருக்கிறது. சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள எந்தப் பிரதேசத்திலும், ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்பு கொள்ளவும், அலுவல் ஆற்றவும், விடை பெறவும், சட்டப்படி தாம் பார்வையிடத்தக்க அரச பதிவேடுகளுக்கும் ஆவணங்களுக்கும் அம்மொழியிற் பிரதியோ மொழிபெயர்ப்போ பெறவும் உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. கூட்டத்தில் விரிக்கப்பட்ட அரச ஆவணம் அரச ஆவணமே. அது தாளில் இருந்தாலென்ன, திரையில் இருந்தாலென்ன? திரையிற் காட்டியதனால் மட்டும் அது அரசியலமைப்பின் எல்லைக்கு அப்பாற் போய்விடுமா?

24ஆம் உறுப்புரை இன்னும் தெளிவானது. வழக்கின் தரப்பினரும் அவர்தம் சட்டத்தரணிகளும் சிங்களத்திலோ தமிழிலோ வழக்கைத் தொடங்கலாம், ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம், நடவடிக்கைகளிற் பங்குபற்றலாம். நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினர்க்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசே வழங்கவேண்டும். சாட்சி கூறுவோர் தொலைவிடத்திலிருந்து ஒலி ஒளி இணைப்பு வழியே சாட்சியமளிக்க 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்துக்கெனத் தற்காலிகமாக இயற்றப்பட்ட 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும் நீதிமன்ற நடவடிக்கைகளைத் தொலைத்தொடர்பு வழியே நடத்த இடமளித்தது. ஆகவே திரை நீதிமன்றத்துள் நுழைந்துவிட்டது, இனி வெளியேறப்போவதில்லை.

தொலைவிலிருக்கும் சாட்சிக்கு ஓர் ஆவணம் திரையிற் காட்டப்பட்டு, ‘இது உமது கையொப்பமா?’ என்று கேட்கப்படும்போது, அவர் அந்த ஆவணத்தின் முதற் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கக் கூடியவராக இருக்கவேண்டும். நேரில் நிற்கும் சாட்சியிடம் தாளைக் கையிற் கொடுக்கிறோம். அவர் முன்னும் பின்னும் புரட்டுகிறார். திரையில் ஒரு மூலையை மட்டும் பெருப்பித்துக் காட்டிவிட்டு விடை கேட்பது, தாளை மடித்துக் கையொப்பத்தை மட்டும் காட்டுவதற்கு ஒப்பாகும். அதை எந்த நீதிமன்றத்திலும் நம் தொழிலோர் அனுமதிப்பதில்லை. திரையில் மட்டும் அனுமதிப்பது எதன்பொருட்டு?

மொழியுரிமை மீறப்பட்டாலோ, மீறப்படும் நிலையிலிருந்தாலோ, 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அரச அலுவலகத்தின் பொறுப்பிலுள்ள கூட்டப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கோரலாம். ஒரு மாதம் என்னும் எல்லையை வாசகர் மறத்தலாகாது. உரிமை உறங்குவோரைச் சட்டம் எழுப்புவதில்லை.

வழி கடினமன்று

‘தோட்டங்களில் இணைய வேகம் இல்லை, இதெல்லாம் நடவாத காரியம்’ என்பார் உளர். கணக்கைப் பார்ப்போம். சூம் நிறுவனமே வெளியிட்டுள்ள அளவுகளின்படி, முகக்காட்சியின்றித் திரையை மட்டும் பகிர்வதற்கு விநாடிக்கு 50 முதல் 75 கிலோபிட் வரையும், குரலுக்கு 60 முதல் 80 கிலோபிட் வரையும் போதும். இரண்டையும் கூட்டி 150 கிலோபிட் என வைத்தாலும், ஒரு மணி நேரக் கூட்டத்துக்குச் செல்வது ஏறத்தாழ 68 மெகாபைட். தெளிவான முகக்காட்சியோ விநாடிக்கு 1.2 மெகாபிட் கேட்கும்; அதாவது மணிக்கு 540 மெகாபைட், எட்டு மடங்கு! ஆகவே, சமிக்ஞை நலிந்த இடங்களில் முகங்களை நிறுத்திவிட்டு ஆவணத்தையும் குரலையும் மட்டும் விடுவதே அறிவுடைமை. அதிகாரியின் திருமுகத்தைக் காணாமல் நம் மக்கள் வாழ்ந்துவிடுவர். அவர் எழுதும் தீர்மானத்தைக் காணாமல் வாழ முடியாது.

எழுத்துருப் பிரச்சினையையும் சொல்லவேண்டும். நம் நாட்டில் தமிழாவணங்கள் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே தட்டச்சாகின்றன. அக்கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளின் குப்பையே தோன்றும். செயலியைப் பகிரும்போதோ காட்சி படமாகச் செல்வதால், அங்கே எழுத்துரு இல்லாவிடினும் தமிழ் தமிழாகவே தெரியும். இது பெரிய வசதி. ஆனால், இதுவே மயக்கமும் ஆகும். கூட்டம் முடிந்ததும் படம் மறைந்துவிடும்; பின்னர் வரும் கோப்பை வாசிக்க முடியாது. ஆகையால், அரச அலுவலகங்கள் யூனிக்கோட் தமிழிலேயே எழுதவேண்டும். தமிழ் யூனிக்கோடில் 1991 முதலே இருக்கிறது. சாக்குச் சொல்ல இடமில்லை.

இன்னுமொன்று. சில கூட்டச் செயலிகளில் உரைபெயர்ப்புக்கெனத் தனிக் குரல்வழி உண்டு. ஒருவர் சிங்களத்திற் பேச, உரைபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல, கேட்போர் தாம் வேண்டும் வழியைத் தெரிந்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடே. ஆயினும் குரல் தமிழில் வருகையில், திரையிலுள்ள ஆவணம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நின்றால், காது ஒன்றைக் கேட்கக் கண் மற்றொன்றைக் காண்கிறது. தீர்மானமாகப் பதிவதோ கண் காண்பது! ஒரே தாளை இரு நிரல்களாக வகுத்து, இடப்புறம் சிங்களமும் வலப்புறம் தமிழுமாக எழுதினால் இச்சிக்கல் தீரும். சிறிய கைப்பேசியிலும் ஒரு நிரலைப் பெருப்பித்து வாசிக்கலாம். இதற்குப் புதிய பொறி வேண்டாம். தட்டச்சாளர் ஒருவரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வேண்டும்.

எச்சரிக்கை

கருவி நல்லார் கையில் நலஞ்செய்யும். வஞ்சகர் கையில் வஞ்சமே செய்யும். ஒருவர் கட்டுப்பாட்டைப் பிறருக்கு வழங்கலாம் என்பதைப் பயன்படுத்தி, வங்கியிலிருந்து பேசுகிறோம், மானியம் வந்திருக்கிறது என்று அழைத்து, கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, திரையைப் பார்த்து, கணக்கிலுள்ள பணத்தை எடுத்துவிடும் கூட்டம் உலகெங்கும் உண்டு. அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஆனால் நீங்களே அனுமதியென அழுத்திவிட்டால் வழக்கு சிக்கலாகும். போன பணம் திரும்புவது அதனினும் சிக்கல். முன்பின் அறியாதவர்க்கு உங்கள் திரையைக் காட்டாதீர்கள். கட்டுப்பாட்டைக் கனவிலும் கொடாதீர்கள்.

காணி விடயத்திலும் விழிப்பு வேண்டும். திரையில் உறுதியைக் காட்டி, ‘சம்மதமென அழுத்துங்கள், காணி கைமாறிவிடும்’ என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். காணி கைமாற நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின் விதி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கற் சட்டமும் அசையா ஆதனக் கைமாற்றத்தைத் தன் எல்லைக்கு வெளியிலேயே வைத்தது.

அலுவலர்க்கும் ஒரு சொல். கூட்டத்தில் முழுத் திரையையும் காட்டாதீர். வேண்டிய சாளரத்தை மட்டும் காட்டுக. ஒரு குடும்பத்தின் நிவாரண விண்ணப்பத்தைக் காட்டப் புகுந்து, பக்கத்திலுள்ள பத்துக் குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கங்களையும் காட்டுவது முறையன்று. தனிப்பட்ட தரவைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது.

மறுப்பும் விடையும்

‘எல்லாருக்கும் எழுதும் உரிமை கொடுத்தால் கூட்டம் சந்தையாகும்’ என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. 2020ஆம் ஆண்டு உலகெங்கும் விஷமிகள் கூட்டங்களுள் நுழைந்து ஆபாசப் படங்களைப் பகிர்ந்து அட்டகாசம் செய்தனர். அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலேயே சூம் நிறுவனம், கல்வி நிறுவனங்களின் கூட்டங்களில் நடத்துநர் மட்டுமே திரையைப் பகிரலாம் என்பதை இயல்பு நிலையாக்கியது. வகுப்பறைக்கு அது தகும். ஆசிரியர் கையிற் சுண்ணக்கட்டி இருப்பதில் தவறில்லை.

ஆனால், மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டம் வகுப்பறையன்று. அங்கு ஆசிரியருமில்லை, மாணவருமில்லை. இருப்போர் ஆட்சியாளரும், ஆட்சிக்கு உரிமையாளராகிய மக்களின் பிரதிநிதிகளுமே. வகுப்பறைக்கென வைத்த பூட்டை மக்கள் மன்றத்துக்கும் அப்படியே மாட்டிவிட்டு, ‘மென்பொருள் இடந்தரவில்லை’ என்று கைவிரிப்பது பொய்ச்சாட்சி. மென்பொருள் இடந்தருகிறது, நடத்துநரே ஒரு குறியை மாற்றவேண்டும். யாவரும் ஒரே நேரத்தில் எழுதவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கோரியவர்க்கு முறைப்படி வழங்குக என்றே கேட்கிறோம். பேச எழுந்தவர்க்குத் தலைவர் நேரம் ஒதுக்குவதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

செலவென்று சொல்லவும் இயலாது. கனடாவின் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய பிக்புளூபட்டன் போன்ற கூட்ட மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எந்த நிறுவனமும் தன் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். பல்கலைக்கழக வலையமைப்பை முப்பதாண்டுகளுக்கு மேலாக நடத்திய அறிவு கண்டி நகரின் எல்லையிலேயே இருக்கிறது.

நம் கோரிக்கைகள்

முதலாவது, கண்டி மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகள் பங்குபற்றும் எந்த அரச இணையவழிக் கூட்டத்திலும், திரையில் விரிக்கும் ஆவணம் தமிழிலும் இருத்தல் வேண்டும். அது கூட்டத்துக்கு முன்னரே யூனிக்கோட் கோப்பாக அனுப்பப்படல் வேண்டும்.

இரண்டாவது, தீர்மானங்கள் கூட்டம் நடக்கும்போதே எல்லார் கண்முன்னும் திரையில் எழுதப்படல் வேண்டும்; திருத்தம் கோருவோர்க்குக் கோல் வழங்கப்படல் வேண்டும்; மாற்றங்களின் பதிவு அழிக்கப்படலாகாது.

மூன்றாவது, எண்களைக் காட்டும் தரப்பு, அவ்வெண்களைப் பிறப்பித்த கணக்குத்தாளையும் சோதனைக்குத் திறந்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, தொலைவிலிருந்து சாட்சி கூறுவோர் ஆவணத்தை முழுமையாகப் புரட்டிப் பார்க்கவும், தம் மொழியில் விளக்கம் பெறவும் வசதி செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை, பன்விலை ஆகிய இடங்களில் ஒரு பொது நூலகத்திலோ பாடசாலையிலோ, பெரிய திரையும் ஒழுங்கான இணைப்பும் உள்ள ஓர் அறை மக்கள் கூட்டங்களுக்கெனத் திறக்கப்படல் வேண்டும். வீடுதோறும் கணினி வரும்வரை ஊருக்கொரு திரையாவது வரட்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. கண்டியிலும் பேராதனையிலும் இருக்கும் நம் சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மலைக்குக் கொடுங்கள். தோட்டத் தலைவர்க்கும் விவசாயச் சங்கச் செயலாளர்க்கும் மூன்று காரியங்களைக் கற்பியுங்கள்: திரையில் உள்ளதை எவ்வாறு காப்பது, கட்டுப்பாட்டை எவ்வாறு கோருவது, எவருக்கு எப்போது மறுப்பது. ஒரு பிற்பகல் போதும்.

விவசாயப் பெருமக்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! அடுத்த கூட்டத்துக்கு உங்களை அழைக்கும்போது, தேதியையும் நேரத்தையும் கேட்பதோடு நில்லாதீர்கள். ‘எந்தத் தாளை விரிக்கப் போகிறீர்கள்? அது தமிழில் இருக்கிறதா? அதில் நாங்களும் எழுதலாமா?’ என்று கேளுங்கள். இல்லை என்ற விடை வந்தால், அதை எழுத்தில் வாங்கி, வந்த நாளைக் குறித்து வையுங்கள். அன்று தொடங்கும் ஒரு மாதத்துக்குள் என்ன செய்யலாம் என்பதை உங்கள் சட்டத்தரணி அறிவார்.